மேகத்தை ஊற்றிய கை

“அது என் அப்பாவின் கைதான்” என்று சொன்னேன். முதுகை நேராக வைத்துக்கொண்டு, கேமராவை நேருக்கு நேர் பார்த்து, தயங்காமல் சொன்னேன்.

கேள்வி கேட்டவர் அஷிசாவா மிவா. ‘கடலுக்குள் வந்த நட்சத்திரம்’ வெளியாகி அறுபது ஆண்டுகள் நிறைவதையொட்டி, அந்தப் படம் உருவான கதையைத் தொலைக்காட்சிக்காக ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு முன்னறையில், இறந்தவர்களின் படம் வைத்து வணங்கும் முன்னோர் மாடத்துக்கு எதிரே விளக்குகளை நிறுத்தியிருந்தார்கள். பாய்த் தரையில் கீறல் விழாமலிருக்க ஒவ்வொரு விளக்குக் காலுக்கும் டென்னிஸ் பந்து மாட்டியிருந்தார்கள். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வயதில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் இந்த நாட்டில் இருக்க மாட்டார். வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் டோக்கியோ விரிகுடாவில் விழுகிறது. கடலிலிருந்து வெண்மேகம் ஒன்று எழுந்து, விரிந்து, நகரத்தின்மேல் கவிகிறது. அதைக் கணினியில் வரையவில்லை. ஆளுயரக் கண்ணாடித் தொட்டியில் அடியில் உப்புநீரும் மேலே நல்ல நீரும் நிரப்பி, கேமராவைத் தலைகீழாகப் பொருத்தி, மேலிருந்து வெள்ளைச் சாயத்தை ஊற்றினார்கள். கீழே இறங்கிய சாயம் திரையில் மேலே எழும் மேகமாயிற்று. கை கொஞ்சம் அசைந்தாலும் மேகம் சிதறிவிடும். தொட்டியைக் காலிசெய்து, கழுவி, மறுபடி நிரப்ப ஒரு முழு நாள் வீணாகும். அதனால் வேறு யாரையும் நம்பாமல், தந்திரக் காட்சிகளின் இயக்குநர் குஸுமி தெய்ஸோ தன் கையாலேயே ஊற்றினார் என்று சினிமா பற்றிய எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது.

குஸுமி தெய்ஸோ என் அப்பா. நான் அவருடைய மூத்த மகன் மொரியாகி. எனக்கு எழுபது வயது. சினிமாவுக்குப் போகவில்லை. வரி அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பதே என் தொழிலாக இருந்தது.

அன்று அஷிசாவா தன் கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். அப்பாவின் சொந்தக் கேமராவில், படப்பிடிப்பின்போது யாரோ ஓர் உதவியாளர் எடுத்த சிறு சுருள் அதில் ஓடியது. எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். கறுப்பு வெள்ளை. சத்தம் கிடையாது. தொட்டியின் விளிம்பு. முழங்கைவரை சுருட்டிய சட்டைக்கை. ஒரு கை நீண்ட மூக்குள்ள குவளையைச் சாய்க்கிறது. சாயம் நூல்போல இறங்குகிறது. அந்தக் கை கல்லில் செதுக்கியதுபோல அசையாமல் நிற்கிறது. அதோடு சுருள் முடிகிறது.

“குஸுமி ஐயா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் அஷிசாவா. “உங்க அப்பாவோட சீடர் ஹிராசே தொமெயோ இருக்கார் இல்லையா, அவரையும் பேட்டி எடுத்தோம். அவர் எதுவுமே சொல்லல. ஆனா அவர் பொண்ணு எங்களை வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பறப்போ சொன்னாங்க, மேகத்தை ஊத்தினது எங்க அப்பா கைதான்னு. அவர்கிட்ட திரும்பப் போய்க் கேட்டா சிரிச்சுட்டு, ‘சின்னய்யாகிட்ட கேளுங்க, அவர் சொன்னா சரி’ங்கறார். அதனாலதான் உங்ககிட்ட வந்தோம். இது யாரோட கை?”

சின்னய்யா என்பது நான்தான். என் அப்பா அவருக்குப் பெரியய்யா. எனக்கு எழுபது வயதான பிறகும் ஹிராசே என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

அப்போதுதான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன். “அது என் அப்பாவின் கைதான். மகனுக்குத் தெரியாதா?”

அஷிசாவா தலை தாழ்த்தி நன்றி சொன்னார். விளக்குகள் அணைந்தன. என் மனைவி ஃபுசாயே எல்லாருக்கும் பார்லி டீ கொண்டுவந்து வைத்தாள். எனக்கு வைக்கும்போது மட்டும் கோப்பை தட்டில் சற்று ஓசையோடு உட்கார்ந்தது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும்.

வீட்டில் பழைய சுருள் ஏதாவது இருக்குமா என்று அஷிசாவா முதல்முறை தொலைபேசியில் கேட்ட அன்றே, நான் அப்பாவின் பழைய புரொஜெக்டரைத் துடைத்து, அந்தச் சுருளைச் சுவரில் ஓட்டிப் பார்த்தேன். கை குவளையைச் சாய்த்ததோடு சுருள் முடியவில்லை. கேமரா மேலே ஏறுகிறது. இருபத்து நான்கு வயது ஹிராசேயின் முகம் வருகிறது. நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கேமரா பக்கவாட்டில் நகர்கிறது. மடக்கு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிச் சொருகியிருக்கிறார். வாய் திறந்திருக்கிறது. ஏதோ சொல்கிறார்.

கைகளை அக்குளில் சொருகும் அந்த உட்காரல் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் காலை உணவின்போது அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். சூப்புக் கிண்ணத்தை அம்மா பாதிதான் நிரப்புவாள், ததும்பாமல் இருக்க. சாயங்காலம் சாக்கே என்னும் அரிசி மது உள்ளே போன பிறகுதான் அந்தக் கைகள் அடங்கும். வெளியார் முன்னால் அவருக்கு மூட்டுவலி என்று சொல்லும்படி அம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். குஸுமி குடும்பத்தில் குடிகாரர் கிடையாது. மூட்டுவலிதான் உண்டு.

கத்தரிக்கோலை எடுத்து, கை மட்டும் தெரியும் இடத்தோடு சுருளை வெட்டினேன். மிச்சத்தைத் தேயிலை டப்பாவில் போட்டு முன்னோர் மாடத்தின் கீழறையில் வைத்தேன். “கடைசிப் பகுதி பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டது” என்று அஷிசாவாவிடம் சொன்னேன். மாடத்துக்குக் காலைச் சோறு வைக்கும் ஃபுசாயே புதிய டப்பாவைப் பார்க்காமல் இருப்பாளா?

அவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள். “மாமாவுக்கு முன்னாடியே வெச்சிருக்கீங்களே. அவருக்கு அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கஷ்டமா இருக்காதா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது” என்றேன்.

எனக்கு ஒரு நியாயம் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் சீடன் செய்வதெல்லாம் குருவின் பெயரில்தான் போகும். சீடனின் கை குருவின் கை. அது எழுதப்படாத வழக்கமாக இருந்தது. யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. ஹிராசேயே சொல்லவில்லை. அப்படியானால் நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? இப்படி எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வரி அலுவலகத்தில் என் எதிரே உட்கார்ந்தவர்களும் இப்படித்தான் கேட்பார்கள்.

*

ஆவணப்படம் முடிந்து, ஒளிபரப்புக்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு திரையிடல் வைத்தார்கள். சோஃபுவில், அப்பா வேலை செய்த அதே ஸ்டூடியோவின் சிறிய திரையரங்கில். வாசலில் சுவர் அளவுக்கு ஒரு சுவரொட்டி. அந்தக் கைதான். கீழே அப்பாவின் பெயர்.

சுவரொட்டிக்கு எதிரே ஹிராசே தன் மகள் நட்சுயோவோடு நின்றுகொண்டிருந்தார். எண்பத்து நான்கு வயது. ஸ்டூடியோ ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, தமா ஆற்றுக்கு அந்தப் பக்கம் சலவைக் கடை போட்டவர். இன்றும் தானே இஸ்திரி போடுகிறார். அவருடைய பழைய கறுப்புக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை.

“சின்னய்யா!” என்று இடுப்பு மடிய வணங்கினார். “கோட்டு காலர் பின்னாடி மடங்கியிருக்கு, இருங்க.” பின்னால் வந்து சரிசெய்தார். “எந்தக் கடையில குடுக்கறீங்க? ஆவி காட்டாம அமுக்கியிருக்கான், திருட்டுப் பய. எங்கிட்ட அனுப்புங்கன்னு எத்தனை தடவை சொல்றது.”

“ஆத்தைத் தாண்டி வரணுமே, ஹிராசே.”

“மேகத்தையே கொண்டுவந்தோம், உங்க கோட்டைக் கொண்டுவர முடியாதா?”

நட்சுயோ சிரித்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடையில் கணக்கும் அரட்டையும் அவர் பொறுப்பு.

“குஸுமி ஐயா, இன்னிக்கி எங்க வீட்டுல ஒரு வழக்கு தீரப்போகுது” என்றார். “டிவியில அந்தப் படம் வந்தாப் போதும், அப்பா எந்திரிச்சுப் போய்த் திரையில கைய வெச்சு, ‘இது நான் ஊத்தினது’ம்பார். என் வீட்டுக்காரர், ‘மாமா, புஸ்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கே’ன்னு சீண்டுவார். புத்தாண்டுக்குப் புத்தாண்டு இதே கூத்து. போன வருஷம் மோச்சி தின்னுக்கிட்டே, ‘அப்போ ஃபூஜி மலையும் நீங்க செஞ்சதுதானா மாமா’ன்னுட்டார். அப்பா அன்னிக்கிப் பூரா யார்கூடவும் பேசல.”

“ஏய், வாயை மூடு. சின்னய்யா முன்னாடி என்ன பேச்சு” என்றார் ஹிராசே.

“நீங்க வெளியில சொல்ல மாட்டீங்க, வீட்டுல மட்டும் வீரம். அதான் நான் டைரக்டர் அம்மாகிட்டச் சொல்லிட்டேன்.”

ஹிராசே சுவரொட்டியைப் பார்த்தார். தலையைச் சாய்த்து, சின்னதாகச் சிரித்தபடி, கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே எழுதியிருந்த பெயரை அவர் படித்தாரா என்று தெரியவில்லை. மணி அடித்து உள்ளே கூப்பிட்டார்கள். என் காலர் இப்போது கழுத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. அந்த இடம் முழுதும் சுட்டது.

எங்கள் இருக்கைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஹிராசே என் இடப்பக்கம். அவருக்கு அப்பால் நட்சுயோ. ஆவணப்படம் நன்றாக இருந்தது. மரத்தில் செய்த சிறு ரயில்கள், பிஸ்கட் போலச் சுட்டு எடுத்த சுவர்கள், கம்பியில் தொங்கும் விமானங்கள். ஹிராசே ஒவ்வொன்றுக்கும் மூச்சுக்குள் ஏதோ சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய பேட்டியும் வந்தது. பசை காய்ச்சிய கதையைச் சொன்னார். அரங்கம் சிரித்தது. நட்சுயோ அவர் தோளில் தட்டினார்.

பிறகு தொட்டி வந்தது. கை வந்தது. குவளை சாய்ந்தது.

என் குரல் அரங்கம் முழுதும் ஒலித்தது. “அது என் அப்பாவின் கைதான். மகனுக்குத் தெரியாதா?” அடுத்து என் முகம், மாடத்துக்கு முன்னால், நிமிர்ந்த முதுகோடு.

நான் இடப்பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. மூச்சுக்குள் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். மடிமேல் இருந்த அவர் வலது கை மெதுவாக உள்நோக்கி மடிந்து, கோட்டின் கைக்குள் போய்விட்டது. பிறகு அவர் கை தட்டினார். மற்றவர்களுக்கு முன்னால், தனியாக.

விளக்குகள் எரிந்ததும் நட்சுயோ அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா” என்றார் மெதுவாக. “என்ன இது?”

“என்னத்த என்ன இது?”

“அந்தக் கை. உங்க கைன்னு சொன்னீங்க. நான் சின்னப் பொண்ணா இருந்ததிலேர்ந்து சொன்னீங்க.”

ஹிராசே என்னைப் பார்த்தார். கோபத்தைத் தேடினேன். இல்லை. அவசரம்தான் இருந்தது. தீப்பிடித்த துணியைக் காலால் மிதித்து அணைப்பவரின் அவசரம்.

“வயசாயிடுச்சும்மா. எதையோ எதோடயோ சேத்துட்டேன் போல” என்றார். “பெரியய்யா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேனா, நானே ஊத்தின மாதிரி தோணிடுச்சு. சின்னய்யா சொல்றதுதான் சரி. அவருக்குத் தெரியாதா?”

“அப்போ இவ்வளவு வருஷமா?”

“குழப்பம்தான். கிழவன் மூளை.” தன் தலையைத் தானே தட்டிக்கொண்டு சிரித்தார்.

கூடத்தில் தேநீர் கொடுத்தார்கள். ஹிராசேயை ரசிகர்கள் சிலர் சூழ்ந்துகொண்ட நேரத்தில் நட்சுயோ என்னிடம் வந்தார். இப்போது அவர் முகத்தில் கேலி இல்லை.

“மன்னிச்சுக்குங்க ஐயா. வாசல்ல ஏதேதோ பேசிட்டேன். டைரக்டர் அம்மாகிட்டயும் தப்பாச் சொல்லி உங்களுக்குச் சங்கடம் பண்ணிட்டேன்.” தலை தாழ்த்தினார். “ஒரு விஷயம் கேக்கறேன். அப்பா உங்ககிட்டப் பேசும்போது முன்னாடியும் இப்படி மாத்திப் பேசியிருக்காரா? போன மாசம் ஒரு பட்டுக் கிமோனோவை ஆள் மாத்திக் குடுத்துட்டார். நான் பெருசா எடுத்துக்கல. இப்போ பயமா இருக்கு. அறுபது வருஷமா இல்லாத ஒண்ணை நடந்ததா நெனச்சிருக்கார்னா... திங்கக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகப்போறேன். அதுவரைக்கும் இஸ்திரிப் பெட்டியைத் தொட விடக்கூடாது. கொதிக்கிற ஆவி. கை சுட்டுக்கிட்டா என்ன பண்றது?”

“எல்லாருக்கும் மறதி வரும்” என்றேன்.

*

எங்கள் குடும்பப் பெயரைக் காப்பாற்றினேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்னொரு குடும்பத்தில் ஒரு கிழவரைப் பொய்யராக்கி, அதுவும் போதாமல் மூளை கலங்கியவராக்கிவிட்டேன். அவரோ அதை என் பொருட்டு வாங்கிக்கொண்டார். கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியே போகும்படி, தலையைத் தட்டிச் சிரித்தார்.

மறுநாள் காலை மாடத்துக்கு முன் உட்கார்ந்தேன். ஊதுபத்தி கொளுத்தினேன். வழக்கமாக அப்பாவிடம் முந்தைய நாள் நடந்ததைச் சொல்வேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படிச் சொல்வோம். யார் வந்தார்கள், யாருக்குக் கல்யாணம், மழை பெய்ததா என்று. அன்று வாய் திறக்கவில்லை. மாடத்தில் இருந்த புகைப்படத்திலிருந்து அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மார்புவரை எடுத்த படம். கைகள் இல்லை. கைகள் தெரியாத படமாகத் தேடி அம்மா மாட்டியது.

“ஹிராசே எப்படி இருந்தார்?” என்று பின்னாலிருந்து ஃபுசாயே கேட்டாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவள் எழுந்து, சோற்றுக் கிண்ணத்தை மாடத்திலிருந்து திரும்ப எடுத்தாள்.

“மாமா சாப்பிட மாட்டார் இன்னிக்கி” என்றாள்.

நான் கீழறையைத் திறந்து தேயிலை டப்பாவை எடுத்தேன்.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வாங்கும் இனிப்பு ஒன்று எங்கள் பக்கம் உண்டு. சிவப்புப் பயற்றங்கட்டி, செங்கல்போலக் கனக்கும். பெரிய கடையில் பெரிய பெட்டியாக வாங்கிக்கொண்டு ரயிலேறி ஆற்றைத் தாண்டினேன். சலவைக் கடையில் நட்சுயோதான் இருந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது.

“என்னய்யா இது? இந்தப் பெட்டியை நாங்கதான் எடுத்துட்டுப் போவோம், யார் சட்டையாவது எரிஞ்சு போனா. நீங்க எதை எரிச்சீங்க?”

டப்பாவைத் திறந்து சுருளை வெளியே எடுத்தேன். துணியில் கறை பார்க்க அவர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் காட்டினேன். “சன்னல் பக்கம் பிடிச்சுப் பாருங்க.”

விரல் நகம் அளவுள்ள கட்டங்களை அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் நகர்த்தினார். ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

“நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கார்” என்றார். “பட்டுத் துணிக்கு இஸ்திரி போடறப்போ இப்படித்தான் கடிப்பார்.”

“அந்தக் கை அவருடையதுதான். சுருளை நான்தான் வெட்டினேன். தெரிஞ்சே பொய் சொன்னேன்.”

அவர் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. “நேத்து ராத்திரி என் வீட்டுக்காரர் அப்பாகிட்ட, இன்னிக்கி என்ன தேதின்னு கேட்டார். நேத்திக்கி என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டார். நான் கேக்கச் சொன்னேன். அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையை முழங்கால்ல வெச்சுக்கிட்டுப் பதில் சொன்னார். எல்லாம் சரியாச் சொன்னார். அந்தக் கை விஷயத்தை மட்டும் வேணும்னே தப்பாச் சொன்னார்னு இப்போ புரியுது.”

உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் வந்தது. ஹிராசே திரையை விலக்கிக்கொண்டு வந்தார். சுருளைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் கோபத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

“இதை எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?”

“ஹிராசே, நான்...”

“நேத்து நான் அவ்வளவு கஷ்டப்பட்டு மூடினதை இன்னிக்கி நீங்களே திறக்கறீங்களா? அந்தக் கை பெரியய்யாவோடதுதான். எங்கிட்ட இருந்தா அது என்னுதாயிடுமா? யார் கத்துக்குடுத்தா? நட்சுயோ, அதை அவர்கிட்டக் குடு.”

“குடுக்க மாட்டேன்.”

“குடுன்னு சொல்றேன்.”

“புத்தாண்டுக்குப் புத்தாண்டு உங்களை நாங்க எல்லாரும் சிரிச்சோமேப்பா” என்றார் நட்சுயோ. “பேரப்பசங்கவரைக்கும் சிரிச்சாங்க.”

“வீட்டுல சிரிச்சா என்ன? வீட்டுலதானே.”

நான் கடைத் தரையில் மண்டியிட்டு நெற்றியைத் தாழ்த்தினேன். எழுபது வயதுவரை யாருக்கும் செய்யாதது. “எழுந்திருங்க சின்னய்யா, கோட்டு அழுக்காகுது” என்று ஹிராசே பதறினார்.

நட்சுயோ பதறவில்லை. “இங்க கும்பிட்டு என்ன ஆகும் ஐயா?” என்றார். “கடையில நாம மூணு பேர் இருக்கோம். டிவியில நாடே பாக்கப்போகுது. அங்க சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தப் பெட்டியை நான் பிரிக்க மாட்டேன்.”

*

அஷிசாவாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “ஐயா, ஒளிபரப்பு அடுத்த வாரம்” என்றார். “உங்க வார்த்தையை நம்பித்தான் சுவரொட்டியே அடிச்சோம்.” அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “மாத்தறேன். ஆனா வெறும் பேரை மாத்த முடியாது. முன்னாடி ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு நீங்களே கேமரா முன்னாடி சொல்லணும். இல்லைன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

டென்னிஸ் பந்து மாட்டிய விளக்குகள் மறுபடி எங்கள் முன்னறைக்கு வந்தன. நட்சுயோவும் வந்திருந்தார். ஹிராசே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவருக்குப் பின்னாலேயே வந்து, கேமராவுக்குப் பின்னால் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். நான் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். பின்னால் மாடம்.

“இது யாருடைய கை?” என்று அஷிசாவா கேட்டார்.

“ஹிராசே தொமெயோவின் கை. இதற்கு அடுத்த பகுதியை வெட்டி ஒளித்துவைத்தது நான்.”

அது எளிதாக இருந்தது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் பழகியிருந்தேன். ஆனால் அடுத்த கேள்வியை நான் பழகவில்லை.

“ஏன் உங்க அப்பா ஊத்தல?”

மாடத்துப் படத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். பாதி நிரம்பிய சூப்புக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. அம்மாவின் முகமும். மூட்டுவலி என்று சொன்னால் போதும். எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். ஹிராசேகூட. அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பாவின் கை நடுங்கும்” என்றேன். “குடியினால். ஒரு கிண்ணத்தைக்கூட அவரால் நேராகப் பிடிக்க முடியாது. அது வெளியே தெரியக்கூடாது என்று நாங்கள்...”

“நிறுத்துங்க!” ஹிராசே எழுந்துவிட்டார். “அது மட்டும் இல்ல! டைரக்டர் அம்மா, அதை மட்டும் போட்டுடாதீங்க. பெரியய்யா நாற்காலியில சும்மா உக்காரல. ‘இன்னும் இல்ல, இன்னும் இல்ல, இப்போ, சாய், மெதுவா, மூச்சை விடாதே’ன்னு அவர்தான் சொல்லிக்கிட்டே இருந்தார். அந்தக் குரலுக்குத்தான் என் கை நின்னுச்சு. குரல் இல்லாட்டி எனக்கு என்ன தெரியும்? நான் பசை காய்ச்சறவன்!”

வெட்டிய துண்டில் அப்பாவின் வாய் திறந்திருந்தது எனக்கு நினைவு வந்தது. அவர் சொன்னது அதுதானா, அல்லது அதையும் ஹிராசே எனக்காக இப்போது ஊற்றிக்கொடுக்கிறாரா, தெரியாது. அந்தச் சுருளுக்குச் சத்தம் கிடையாது. அவரிடம் அதைக் கேட்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன்.

நட்சுயோ அப்பாவின் கோட்டை இழுத்து உட்காரவைத்தார். “வாயை மூடுங்கப்பா, படம் எடுக்கறாங்க” என்றார்.

அஷிசாவா தலையை ஒருபக்கம் சாய்த்து, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். “குஸுமி ஐயா, நடுவுல வேற குரல் விழுந்துடுச்சு. ஹிராசே ஐயா சொன்னதை அவரைத் தனியா உக்காரவெச்சு எடுத்துக்கறோம். உங்களோடது சுத்தமா வேணும். கஷ்டம்தான். மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க.”

ஃபுசாயே என் அருகே வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். இந்த முறை கோப்பை ஓசை எழுப்பவில்லை. நான் ஒரு மடக்குக் குடித்தேன். விளக்கு மறுபடி முகத்தில் விழுந்தது.

“இது யாருடைய கை?” என்று அவர் கேட்டார்.